ஹான் நதிக்கரையில் சைக்கிள் ஓட்டலாம், ஆபீஸ் போக முடியுமா? கூவத்துக்கும் இதே கேள்விதான்!

கே-டிராமா பார்க்கிறவர்களுக்கு இந்த சீன் மனப்பாடம். ஹீரோவுக்கு வேலை போயிருக்கும், இல்லைன்னா ஹீரோயினுக்கு காதல் பிரேக்-அப் ஆகியிருக்கும். அடுத்த ஷாட்டில் அகலமான ஒரு நதி, பச்சைப் புல்வெளி, கையில் சுடச்சுட ராம்யுன் கப். பின்னணியில் வரிசையாக சைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கும். அதுதான் தென்கொரியத் தலைநகர் சியோலின் ஹான் நதிக்கரை.

அந்த சைக்கிள் பாதை சினிமா செட் இல்லை. சியோலுக்குள் சுமார் 40 கி.மீ. நீளத்துக்கு, நதியின் இரண்டு கரையிலும் நிஜமாகவே இருக்கிறது. நடுவில் 11 நதிக்கரைப் பூங்காக்கள், கழிப்பறை, குடிநீர், காற்று அடிக்கும் பம்ப், கன்வீனியன்ஸ் ஸ்டோர் எல்லாம் உண்டு. இதைப் பார்த்துவிட்டு ‘நம்ம கூவம், அடையாறு கரையிலும் இப்படி ஒண்ணு வந்தா எப்படி இருக்கும்’ என்று நினைக்காத சென்னைவாசி குறைவு. ஆற்றங்கரையில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் அமைப்பது கூவம் சீரமைப்புத் திட்டத்திலேயே இருக்கிற விஷயம்தான்.

ஆனால் கேமரா எப்போதும் நதியைப் பார்த்தே நிற்கிறது. அதை அப்படியே 180 டிகிரி திருப்பினால் தெரிவது வேறு காட்சி. அதைப் பற்றி யாரும் ரீல்ஸ் போடுவதில்லை. சியோலிடமிருந்து சென்னை கற்றுக்கொள்ள வேண்டியது அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

நதிக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் ரோடு

திரும்பிப் பார்த்தால் தெரிவது எக்ஸ்பிரஸ்வே. தென்கரையில் ஒலிம்பிக்-தேரோ, வடகரையில் காங்பியோன்புக்-ரோ. பெயரே சொல்கிற மாதிரி, முதலாவது 1988 சியோல் ஒலிம்பிக்கை மனதில் வைத்துப் போட்டது. 1982 முதல் 1986 வரை நடந்த ஹான் நதி மேம்பாட்டுத் திட்டத்தில்தான் கரைகள் கான்கிரீட்டால் கட்டப்பட்டன, இரு கரையிலும் கழிவுநீர் கால்வாய்கள் போடப்பட்டன, வெள்ளம் வரும் தாழ்வான நிலம் பூங்காவானது. அதே திட்டத்தில்தான் தென்கரையில் இந்த ரோடும் வந்தது. ஒலிம்பிக்குக்கு முன்னால் நகரின் குடிசைப் பகுதிகள் பெரிய அளவில் இடிக்கப்பட்டதும் அந்தக் காலத்துக் கதைதான்.

விளைவு என்ன? நதியோரம் அழகான பூங்கா இருக்கு. பூங்காவுக்கும் வீடுகளுக்கும் நடுவே, நிற்காமல் ஓடும் கார்களின் சுவர். வெள்ளத் தடுப்பு மேடு இன்னொரு சுவர். பால்கனியிலிருந்து நதி தெரியும். அந்த ஃபிளாட்டுக்கு விலையும் அதிகம். ஆனால் கீழே இறங்கி நதிக்குப் போக வேண்டுமென்றால், அந்த ரோட்டுக்கு அடியில் போகும் சுரங்க வழியைத் தேட வேண்டும்.

கொரிய மொழியில் அந்த வழிகளுக்கு அதிகாரபூர்வ பெயர் ‘நாதுல்மோக்’. மக்கள் வைத்திருக்கும் பெயர் ‘தொக்கிகுல்’, அதாவது முயல் வளை! பழைய வளைகள் பல, பெயருக்கு ஏற்ற மாதிரியே தாழ்வாக, குறுகலாக இருந்தவை. சைக்கிளில் இருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொல்லும் போர்டுகளை இன்றும் பார்க்கலாம். பின்னால் வந்த சியோல் நிர்வாகங்கள் பல ஆண்டுகளாகப் பணம் செலவழித்து இவற்றை அகலமாக்கின. வெளிச்சம் போட்டன, சரிவுப் பாதைகள் அமைத்தன, சில பாலங்களில் லிஃப்ட் வைத்தன. அதாவது 1980-களில் போட்ட ரோட்டுக்கான பில்லை அடுத்தடுத்த தலைமுறைகள் கட்டிக்கொண்டே இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை ஜாலியாக சைக்கிள் ஓட்டப் போகிறவருக்கு இது பெரிய பிரச்னை இல்லை. வளை தேடி பத்து நிமிடம் சுற்றினால் என்ன, எப்படியும் பொழுதுபோக்கத்தானே வந்திருக்கிறார்! திங்கட்கிழமை காலை 9 மணிக்குள் பஞ்ச் பண்ண வேண்டியவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாமே. வீட்டிலிருந்து நதிக்குப் போக பத்து நிமிடம், நதியிலிருந்து ஆபீஸுக்கு இன்னொரு பத்து நிமிடம் என்றால், நடுவில் எவ்வளவு அழகான பாதை இருந்தாலும் அவர் மெட்ரோவில்தான் ஏறுவார். சைக்கிள் பாதையின் தரத்தை அதன் நீளத்தை வைத்து அளக்கவே கூடாது. அதற்கு எத்தனை வாசல் இருக்கிறது, எந்த வாசல் எங்கே திறக்கிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும். ஹான் நதிப் பாதை உலகத்தரம்தான். ஆனால் வாசல் கணக்கில் அது ரொம்ப காலம் ஃபெயில் மார்க் வாங்கிய பாதை.

எங்கே ஒர்க் அவுட் ஆச்சு?

ஆபீஸ் போக அந்தப் பாதையை யாருமே பயன்படுத்துவதில்லையா என்றால், அப்படியும் இல்லை. சில இடங்களில் நன்றாகவே ஒர்க் அவுட் ஆகிறது. அந்த இடங்களைக் கவனித்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

ஒன்று, யோய்தோ. நதிக்கு நடுவே இருக்கும் தீவு. நாடாளுமன்றம், டி.வி. நிறுவனங்கள், பங்குச்சந்தை நிறுவனங்கள் இருக்கிற இடம். நம்ம பாரிமுனையும் பிகேசி-யும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். இங்கே பூங்கா, ஆபீஸ் கட்டடங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. யோய்னாரு மெட்ரோ ஸ்டேஷனில் இருந்து மேலே ஏறி வந்தால் நேராக நதிக்கரைதான்.

இன்னொன்று, ஹான் நதியில் வந்து சேரும் சின்னச் சின்ன ஓடைகள். டான்சியோன், ஆன்யாங்சியோன், ஜுங்னாங்சியோன் என்று நீளும் பட்டியல். பெயருக்குப் பின்னால் வரும் ‘சியோன்’ என்றால் ஓடை. இவை எல்லாவற்றின் கரையிலும் பாதை இருக்கிறது. இந்த ஓடைகள் நேராகக் குடியிருப்புகளுக்குள் போகின்றன. அபார்ட்மென்டை விட்டு இறங்கினால் ஓடை, ஓடையைப் பிடித்தால் பெரிய நதி. ஐ.டி. நிறுவனங்கள் குவிந்திருக்கும் சியோங்னாம் பகுதியில் இருந்து வரும் டான்சியோன், சியோலின் ஜாம்சில் பக்கம் ஹான் நதியில் கலக்கிறது. கொரியாவின் கூகுள் என்று சொல்லப்படும் நேவர் நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஓடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பெரிய நதியின் பாதை நெடுஞ்சாலை என்றால், ஓடைப் பாதைகள் அதன் தெருக்கள். தெரு இல்லாத நெடுஞ்சாலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது, ‘தாருங்கி’. சியோல் மாநகராட்சியின் வாடகை சைக்கிள். கொரிய மொழியில் சைக்கிள் பெல் அடிக்கும் சத்தம்தான் இந்தப் பெயர். நாம் ‘கிணிங் கிணிங்’ என்று பெயர் வைத்த மாதிரி. 2015-ல் தொடங்கியது, இப்போது 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சைக்கிள்கள். ஒரு மணி நேரத்துக்கு 1,000 வோன், நம்ம காசில் சுமார் 60 ரூபாய். ஒரு ஆண்டுக்கான பாஸ் 30,000 வோன்தான். மெட்ரோ ஸ்டேஷன் வாசல், அபார்ட்மென்ட் வாசல், நதிக்கரை என்று ஊர் முழுக்க ஸ்டாண்ட். இங்கேதான் சுவாரசியம். இது சுற்றுலாப் பயணிகளுக்கான பொம்மை ஆகவில்லை. ஆபீஸ் போகும் நேரத்திலும் வீடு திரும்பும் நேரத்திலும்தான் இதற்கு டிமாண்ட் எகிறுகிறது. ஸ்டேஷனில் இறங்கி வீடு வரைக்குமான கடைசி ரெண்டு கி.மீ.க்கு மக்கள் இதை எடுக்கிறார்கள். அதில் பெரும்பகுதி நதிப் பக்கமே போகாத பயணம்!

தாருங்கி ஆண்டுதோறும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. சியோல் அரசியலில் இது அடிக்கடி சண்டைக்கு வரும் விஷயம். ஆனால் மாநகரப் பேருந்து நஷ்டத்தில் ஓடினால் அதற்குப் பெயர் சேவை, சைக்கிள் நஷ்டத்தில் ஓடினால் மட்டும் வீண் செலவு என்பது என்ன லாஜிக்?

633 கி.மீ. கனவு

கொரியாவின் நதிக்கரைப் பாதைகளைப் பற்றிப் பேசினால் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. மேற்குக் கரையில் இருக்கும் இஞ்சியோனில் ஆரம்பித்து, சியோல் வழியாக, தென்கிழக்கு மூலையில் இருக்கும் புசான் வரை சைக்கிளிலேயே போகலாம். மொத்தம் 633 கி.மீ., பெரும்பாலும் நதிக்கரையிலேயே! ஹான் நதியையும் நாக்டோங் நதியையும் பிரிக்கும் மலையில், 548 மீட்டர் உயரத்தில் இருக்கும் இஹ்வாரியோங் கணவாயை மட்டும் மூச்சு வாங்க ஏறிவிட்டால் போதும். வழியில் சிவப்பு நிற டெலிபோன் பூத் மாதிரி சின்ன கூண்டுகள் இருக்கும். உள்ளே ரப்பர் ஸ்டாம்ப். கையில் இருக்கும் ‘பாஸ்போர்ட்’டில் நீங்களே குத்திக்கொள்ளலாம். எல்லா ஸ்டாம்ப்பும் சேர்ந்தால் சர்டிபிகேட், மெடல்.

இந்தப் பாதையின் மிக அழகான துண்டு சியோலைத் தாண்டியதும் வருகிறது. ஜுங்காங் ரயில் பாதை இரட்டைப் பாதையாகி இடம் மாறியபோது, பழைய தண்டவாளம் சும்மா கிடந்தது. பால்தாங்கிலிருந்து யாங்பியோங் வரை சுமார் 27 கி.மீ.யை 2011-ல் சைக்கிள் பாதையாக்கினார்கள். பழைய ரயில் சுரங்கங்கள், பழைய இரும்புப் பாலம், ரயில் வராத நூங்னே ஸ்டேஷன் என எல்லாவற்றையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். கோடையில் அந்தச் சுரங்கத்துக்குள் நுழைந்தால் ஏசி போட்ட மாதிரி ஜில்லென்று இருக்கும். இரண்டு நதிகள் ஒன்று சேரும் தூமுல்மோரி பக்கத்திலேயே இருக்கிறது. பழைய மீட்டர் கேஜ் தண்டவாளங்களைப் பிரித்துப்போட்ட நம் ஊர்களில் இப்படி எத்தனை துண்டு நிலம் முள்ளு மண்டிக் கிடக்கும் என்று யோசித்தால் வயிறு எரியும்.

ஆனால் 633 கி.மீ. பாதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் அதிபர் லீ மியுங்-பாக் காலத்து ‘நான்கு நதிகள் திட்டம்’ கொடுத்த பரிசு அது. 22 லட்சம் கோடி வோன் செலவில் நதிகளைத் தூர்வாரி, 16 தடுப்பணைகள் கட்டினார்கள். வெள்ளத்தைத் தடுக்கும், நதியைக் காப்பாற்றும் என்றார்கள். தண்ணீர் ஓட்டம் குறைந்து பாசி படர்ந்தது. அந்தப் பச்சைத் தண்ணீருக்கு மக்கள் வைத்த பெயர் ‘பாசி லாட்டே’. அரசின் தணிக்கை அமைப்பே திட்டத்தில் குறை கண்டுபிடித்தது. அந்த நேரத்தில் பளபளவென இருந்தது சைக்கிள் பாதை மட்டும்தான். 2012-ல் திறந்தார்கள், மக்கள் கொண்டாடினார்கள். கான்கிரீட் கொட்டிய ஒரு திட்டத்துக்கு சைக்கிள் பாதை மேக்கப் ஆகிவிட்டது என்று சூழலியலாளர்கள் சொன்னது இதைத்தான். நதிச் சீரமைப்பு என்ற பெயரில் வரும் எந்த கிராபிக்ஸ் வீடியோவிலும் முதலில் சைக்கிள்தான் வரும். அது ஓட்டு வாங்கும், லைக் வாங்கும். அதற்குப் பின்னால் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மழை வந்தால்?

ஆற்றங்கரைப் பாதையை தினசரி போக்குவரத்துக்கு நம்பலாமா என்பதற்கு இன்னொரு டெஸ்ட் இருக்கிறது: மழை. சியோலில் பான்போ பாலத்துக்குக் கீழே இன்னொரு பாலம் உண்டு. பெயர் ஜாம்சு. ‘மூழ்குதல்’ என்று அர்த்தம். 1976-ல் கட்டும்போதே வெள்ளத்தில் மூழ்கட்டும் என்றுதான் தாழ்வாகக் கட்டினார்கள். சைக்கிளில் நதியைக் கடக்க சியோல்வாசிகளுக்கு ரொம்பப் பிடித்த பாலம் இது. ஏனென்றால் பாலத்துக்காகப் படியோ லிஃப்டோ ஏற வேண்டாம். கரையில் இருந்து நேராக உருட்டிக்கொண்டு போய்விடலாம்.

நீர்மட்டம் 5.5 மீட்டரைத் தொட்டால் நடப்பவர்களுக்குத் தடை, 6.2 மீட்டரில் வாகனங்களுக்கும் தடை. மேலே பால்தாங் அணையைத் திறந்தால் பூங்கா, பாதை எல்லாம் தண்ணீருக்குள். 2020 ஆகஸ்டில் நாள் கணக்கில் பாலம் மூழ்கியே கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் சேற்றைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, திரும்பத் திறப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் இதே வேலை.

இதை சியோல் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆறு தன் இடத்தை அவ்வப்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். இதில் பாராட்ட நிறைய இருக்கிறது. ஆனால் தினமும் அதை நம்பி வேலைக்குப் போகிறவருக்கு, வெள்ள நாட்களில் மேலே ரோட்டில் மாற்றுப் பாதை வேண்டும். 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆற்றோரம் மட்டும் சைக்கிள் பாதை போட்டுவிட்டு, மெயின் ரோட்டில் ஒரு அடி இடம்கூட ஒதுக்காமல் விட்டால், அந்தப் பாதை வாக்கிங் போகிறவர்களுக்கு மட்டுமே.

20-க்கு மேல் போகாதே

ஓட்டுபவர்களுக்குள்ளேயே நடக்கும் சண்டையும் உண்டு. காலையில் ஒரே பாதையில், ஸ்பான்டெக்ஸ் உடையில் கார்பன் சைக்கிளில் பறக்கும் குரூப், ஆபீஸ் பையோடு போகிறவர், பேரனைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும் தாத்தா, பாதையைக் குறுக்கே கடக்கும் நாய்க்குட்டி. ஹான் நதிப் பாதையில் வேகம் 20 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வேகமாகப் பாய்கிறவர்களுக்கு ஊர் வைத்த பெயர் ‘ஜரானி’. சைக்கிளுக்கான கொரியச் சொல்லையும், திடீரென்று ரோட்டில் குதிக்கும் ‘கோரானி’ என்ற மானையும் சேர்த்த கேலிப் பெயர்.

நதிக்கரையில் பீர் குடித்துவிட்டு சைக்கிளில் வீடு திரும்பும் பழக்கத்துக்கும் 2018 செப்டம்பரில் செக் வைத்தார்கள். போதையில் சைக்கிள் ஓட்டினால் 30,000 வோன் அபராதம்! அதாவது ஒரு வருஷ தாருங்கி பாஸ் காசு.

பொழுதுபோக்கும் போக்குவரத்தும் ஒரே பாதையில் கைகோத்துப் போகும் என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவது சுலபம். நிஜத்தில் இரண்டுக்கும் தேவை வேறு. ஜாலியாக ஓட்டுபவருக்கு வளைவு, நிழல், பெஞ்ச் வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு நேர்கோடு, வெளிச்சம், வாசல் வேண்டும். வெளிச்சம் என்பது சாதாரண விஷயம் இல்லை. ராத்திரி 9 மணிக்கு ஷிப்ட் முடித்து ஒரு பெண் தனியாக அந்த வழியாக வருவாரா என்பதுதான் கேள்வி. ஹான் நதிக்கரையில் அந்த நேரத்திலும் கூட்டம் இருக்கும், லைட் இருக்கும், கடை திறந்திருக்கும். காம்பவுண்டு போட்டு சாயங்காலம் 6 மணிக்குப் பூட்டும் பூங்காவுக்குள் சைக்கிள் பாதை போட்டால், அதை ‘போக்குவரத்து வசதி’ என்று யாரும் சொல்லக்கூடாது.

இன்னொரு குறை. சியோல் மெட்ரோவில் மடக்காத சைக்கிளை பொதுவாக வார இறுதியிலும் விடுமுறை நாளிலும்தான் ஏற்ற விடுவார்கள், அதுவும் முதல் பெட்டியிலும் கடைசிப் பெட்டியிலும். வேலை நாளில் பீக் ஹவரில் மடக்கு சைக்கிள் மட்டும்தான். கூட்டத்தைப் பார்த்தால் அந்த விதி நியாயம்தான். ஆனால் சைக்கிள் என்றால் வீக்-எண்ட் விஷயம் என்று அரசே நினைக்கிறது என்பதும் அதில் தெரிகிறது. சியோலின் மொத்தப் பயணங்களில் சைக்கிளின் பங்கு இன்றும் சில சதவீதம்தான். இத்தனை அழகான பாதை இருந்தும்!

ரோட்டையே எடுத்துட்டா?

பாரிஸ் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. அங்கேயும் சேன் நதியின் வலது கரையில் 1967-ல் கார்களுக்கு எக்ஸ்பிரஸ்வே போட்டிருந்தார்கள். 2016-ல் மேயர் ஆன் ஹிதால்கோ நிர்வாகம் நகரின் நடுப்பகுதியில் சுமார் 3 கி.மீ.க்கு கார்களைத் தடை செய்தது. வழக்குப் போட்டார்கள். 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாப்பது என்ற காரணத்தைச் சொல்லி மேயர் புது உத்தரவு போட்டார். அதே ஆண்டு அக்டோபரில் அது செல்லும் என்று தீர்ப்பு வந்தது. முயல் வளை தோண்ட வேண்டிய அவசியமே இல்லாமல், நகரம் நதிக்கு நேராக இறங்கிப் போனது. ரோட்டை எடுப்பது அரசியலில் ஆபத்தான வேலை, ஆனால் முடியாத வேலை இல்லை.

இப்போ கூவத்துக்கு வருவோம்

சியோல் 1980-களில் செய்ததை சென்னை இப்போது செய்துகொண்டிருக்கிறது. மதுரவாயல் - துறைமுகம் பறக்கும் சாலை. 2009-ல் அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று 2012-ல் தமிழக அரசு வேலையை நிறுத்தியது. பத்து வருஷம் கூவத்துக்குள் தூண்கள் மொட்டையாக நின்றன. 2022 மே மாதம் பிரதமர் மோடி, இரண்டடுக்கு மேம்பாலமாக மாற்றப்பட்ட திட்டத்துக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். நீளம் சுமார் 20.5 கி.மீ., மதிப்பீடு 5,800 கோடி ரூபாய்க்கு மேல். கோயம்பேடு பக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை கீழே உள்ளூர் வாகனங்கள், மேலே துறைமுக லாரிகள். அதற்கும் கீழே, தூண்களுக்கு நடுவே, கூவம்.

லாரிகள் துறைமுகத்துக்குப் போக வழி வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. பக்கிங்ஹாம் கால்வாய்க்குள் தூண் இறக்கி பறக்கும் ரயில் விட்ட ஊர் இது. நீர்நிலையை ‘காலியாக் கிடக்கிற இடம்’ என்று பார்க்கும் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. ஆனால் இதே கரையில்தான் நடைபாதையும் சைக்கிள் பாதையும் வரும் என்றும் சொல்கிறார்கள். கார்கள் தலைக்கு மேலே ஓட, தூண்களுக்கு நடுவே வளைந்து வளைந்து, சாக்கடை வாடையில், வெளியே வர வழி தேடி ஓட்டும் பாதை என்றால் அதில் பொழுதும் போகாது, ஆபீஸும் போக முடியாது.

இத்தனைக்கும் கூவத்துக்கு சியோலிடம் இல்லாத ஒரு பெரிய ப்ளஸ் இருக்கிறது. அது ஊருக்கு நடுவே போகிறது. கோயம்பேடு, அரும்பாக்கம், அமைந்தகரை, சூளைமேடு, சேத்துப்பட்டு, எழும்பூர், சிந்தாதிரிப்பேட்டை. கடைசியில் தலைமைச் செயலகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இருக்கும் கடற்கரை. வழியில் பேருந்து நிலையம், மெட்ரோ, புறநகர் ரயில், பறக்கும் ரயில் நான்கும் வருகின்றன. வாசல்களுக்கு இடம் தேடவே வேண்டாம், ஏற்கனவே இருக்கிறது. ஆபீஸ் போகும் சைக்கிளுக்கு இதைவிட நல்ல ரூட்டை ஒருவர் உட்கார்ந்து வரைந்தாலும் வராது.

கொள்கையும் கையில் இருக்கிறது. 2014-லேயே சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு என்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கான பட்ஜெட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறது. அப்போது நாட்டுக்கே முன்மாதிரி என்று பேசப்பட்ட ஆவணம் அது.

யாருக்கான சைக்கிள் பாதை?

சியோலில் சைக்கிள் என்றால் பெரும்பாலும் விருப்பம். சென்னையில் சைக்கிள் என்றால் இரண்டு கூட்டம். ஒன்று, காலை 5 மணிக்கு ஹெல்மெட், பின்னால் சிவப்பு லைட்டோடு ஈசிஆரில் போகும் கூட்டம். இன்னொன்று, யாரும் ‘சைக்கிளிஸ்ட்’ என்று கூப்பிடாத கூட்டம். பேப்பர் போடுகிறவர், டீ கேனைப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறவர், நைட் ஷிப்ட் முடித்துத் திரும்பும் செக்யூரிட்டி, அரசு கொடுத்த விலையில்லா சைக்கிளில் ஸ்கூலுக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவி. ஃபிட்னஸ் ஆப்பில் இவர்கள் ஓட்டும் தூரம் பதிவாகாது. ஆனால் இந்த ஊரில் சைக்கிளைப் போக்குவரத்தாகப் பயன்படுத்துவது இவர்கள்தான்.

இவர்களில் பலர் கூவம், அடையாறு கரைகளில்தான் குடியிருந்தார்கள். கூவம் சீரமைப்புக்காக அகற்றுவதற்குக் கணக்கெடுத்தவை மட்டும் 14 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள். கொஞ்சம் கொஞ்சமாக அகற்றி பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். வெள்ளம் வரும் இடத்தில் மனிதர்கள் வாழக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிந்தாதிரிப்பேட்டையில் இருந்து பெரும்பாக்கம் ஏறக்குறைய 25 கி.மீ. அங்கே போன பிறகும் வேலை என்னவோ எழும்பூரிலும் பாரிமுனையிலும்தான். முன்பு சைக்கிளில் 15 நிமிடத்தில் போன வேலைக்கு, இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். வேலையை விட்டவர்களும் உண்டு, குழந்தைகளின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்ற வீடுகளும் உண்டு.

அதாவது, சைக்கிளில் வேலைக்குப் போனவர்களைக் கரையில் இருந்து அனுப்பிவிட்டு, அதே கரையில் சைக்கிள் பாதை போடப் போகிறோம்! இந்த முரணை எந்த கிராபிக்ஸ் வீடியோவும் காட்டாது.

பாதையே வேண்டாம் என்பது இதற்கு பதில் இல்லை. அகற்றப்பட்ட குடும்பங்களுக்கு இரண்டு மூன்று கி.மீ.க்குள் வீடு கொடுக்க நகருக்குள் அரசு நிலம் இருக்கிறதா என்று முதலில் தேடியிருக்க வேண்டும். குடிசை மாற்று வாரியத்தின் பழைய அடுக்குமாடிகளை இடித்து இன்னும் உயரமாகக் கட்டும் வேலை நகருக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூடுதலாகக் கிடைக்கும் வீடுகள் அதே ஆற்றங்கரையில் இருந்தவர்களுக்குப் போகலாமே. இனி அகற்றப்பட இருக்கும் குடும்பங்களுக்காவது இதைச் செய்ய நேரம் இருக்கிறது.

சைக்கிள் பாதைக்கான டெண்டர் வரும்போது படத்தில் பார்க்க வேண்டியது மூன்று விஷயம். சேத்துப்பட்டு ஸ்டேஷனில் இறங்குகிறவர் எந்த இடத்தில் பாதைக்குள் நுழைவார்? கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? கேன் கட்டிய சைக்கிளை உள்ளே விடுவார்களா? மேம்பாலத்துக்கு ஏறவும் இறங்கவும் சாய்தளம் எங்கெங்கே என்று தூண் இறக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள். கரைக்கு இறங்கும் வழிகளையும் இப்போதே, அதே வரைபடத்தில் குறித்தால் செலவு குறைவு. நாற்பது வருஷம் கழித்து வளை தோண்டினால் என்ன செலவாகும் என்று சியோல் மாநகராட்சியைக் கேட்டால் சொல்வார்கள்.